பெயர்?

தினமும் காலை பத்து மணிக்கு மருந்துக் கிடங்கின் மோடம் கிறீச்சிட்டுக்கொண்டே தொலைபேசி வழியே தலைமை அலுவலகக் கணினியைப் பிடிக்கும். திரையில் 'பெயர்?' என்று அது கேட்டதும், கிடங்கு ஊழியர் ஜெசிந்தா எழுதிவைத்த ஸ்கிரிப்ட் நிரல் தானாகப் பதில் அனுப்பும், பிறகு பாஸ்வேர்டையும். இன்று அந்தக் கேள்வியில் ஓர் எழுத்து தப்பாக விழுந்து, அழிந்து, சரியாக வந்தது. ஸ்கிரிப்ட் குழம்பி நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்கான மருந்துப் பட்டியல் போகவில்லை.

"லைன் கோளாறும்மா," என்றார் மேலாளர் வேதநாயகம்.

"மெஷின் எங்கயாவது அழிச்சு எழுதுமா சார்?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். ஜெசிந்தா ஸ்கிரிப்டை நிறுத்தினாள். பெயர் கேட்ட இடத்தில் தன் கையாலேயே 'சாப்பிட்டீங்களா?' என்று தட்டினாள்.

கர்சர் வெகுநேரம் துடித்தது. 'இன்னும் இல்ல' என்று வந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழிந்தது. பிறகு, பிழையே இல்லாமல், 'பாஸ்வேர்ட்?' என்று வந்தது.