பச்சைப் புள்ளி

"போனை எடுக்க இவ்வளவு நேரமா? அடுத்த தடவ ஹாரன்தான்!"

சொன்னால் செய்வான். ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்தபடியே செல்போன் ஆப்பில் ஒரு தட்டுத் தட்டி, நாலு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் காரை அலற வைக்க அவனால் முடியும். போன மாதம் சூப்பர் மார்க்கெட் வாசலில் அலற வைத்ததில், மனைவியின் மானம் கப்பலேறியது.

"இங்கதாங்க இருக்கேன். பல் ஆஸ்பத்திரி பார்க்கிங்ல" என்றாள் அவள்.

"குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"மரத்துப்போக ஊசி போட்டா அப்படித்தாங்க இருக்கும். வாய் கோணிக்கிட்டுப் போகுது."

"சரி, கார விட்டு இறங்காத. ஹாட்ஸ்பாட்ட அணைச்சே, தொலைச்சிடுவேன்."

அது மின்சாரக் கார். அதற்கென்று தனியாக இருந்த நெட் சந்தா தை மாதத்தோடு முடிந்துவிட்டது. புதுப்பிப்பானா அந்த மகாபிரபு? "உன் போன்ல நெட்டு சும்மாதானே கிடக்கு? ஹாட்ஸ்பாட் போடு, கார் பிடிச்சுக்கும்" என்று மனைவிக்குச் சட்டம் போட்டுவிட்டான். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். கார் இருக்கும் இடத்தில் போன், போன் இருக்கும் இடத்தில் மனைவி. எல்லாம் சேர்ந்து அவன் ஆப்பில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி.

அந்தப் புள்ளியைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவனுடைய முழு நேர உத்தியோகம். இன்று கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்பான். ஏனென்றால், மூன்று பத்துக்கு ஒரு ரயில் இருக்கிறது.

மனைவிக்கு வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக்கூட வேலை கிடைத்திருந்தது. நாளைக் காலை சேர வேண்டும். உத்தரவுத் தாளை நாலாகக் கிழித்துப் போட்டவன், "ஸ்டேஷன் என் ஆபீஸ்லேருந்து அஞ்சு நிமிஷ நடை. பெட்டியில ஏறி உட்கார்ந்திருந்தாலும் இழுத்துட்டு வருவேன்" என்று சொல்லியிருந்தான். புள்ளி அணைந்தால் அவன் முதலில் ஓடுவது அங்கேதான்.

காரின் திரையில் மணி இரண்டு இருபது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கையை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

திடீரென்று ஏசி நின்றது. போனில் செய்தி வந்தது: "நிக்கிற வண்டிக்கு எதுக்கு ஏசி? சார்ஜ் வீணாகுது."

உச்சி வெயில். ஜன்னலை இறக்கினால் அவன் ஆப்பில் மணி அடிக்கும். கதவைத் திறந்தாலும் அடிக்கும். பத்தே நிமிடத்தில் முதுகு தொப்பலாக நனைந்தது. வெளியே காவலாளி மர நிழலில் நின்று டீ குடிப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகையாக வந்தது.

இரண்டு நாற்பத்தெட்டுக்கு வினை வந்தது. வெயிலில் கொதித்துப்போன போன், 'சூடு அதிகம்' என்று சொல்லி ஹாட்ஸ்பாட்டை அணைத்துக்கொண்டது. காரின் திரையில் நெட் போய்விட்டது.

பதறிப்போய்ப் போனைத் தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். அது கையிலேயே அடித்தது.

"புள்ளி எங்கடி? ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டியா?"

"இல்லீங்க, போன் சூடாயிடுச்சு. சத்தியமா கார்லதான் இருக்கேன்!"

"யார்கிட்ட கதை விடுற? நான் ஆபீஸ் படி இறங்கிட்டேன். ஸ்டேஷனுக்குத்தான் வர்றேன்."

ஹாட்ஸ்பாட்டைத் தட்டினாள், வரவில்லை. போனைப் பாட்டிலில் உருட்டி, வாயால் ஊதி, மறுபடி தட்டினாள். காரின் திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"ரோட்டக் கடந்துட்டேன்" என்றான் அவன்.

வட்டம் நின்றது. நெட் வந்த அடுத்த நொடி ஹாரன் காது கிழிய அலறியது. காவலாளி டீயைக் கீழே கொட்டினான்.

போனில் அவன் சிரித்தான். "கேட்டுச்சு. பொழைச்சுப்போ. ஆனாலும் இன்னைக்கு உன்னை நம்ப முடியாது. நானே டாக்சி பிடிச்சு அங்க வர்றேன். அசையாத!"

டக்கென்று நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

அவள் அசையவில்லை. திரையில் மூன்று ஒன்பது, மூன்று பத்து, மூன்று பதினொன்று. ரயில் கிளம்பியிருக்கும். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மூன்றரைக்கு டாக்சி வந்து நின்றது. போனைக் காதில் வைத்தபடியே, காரின் பின்பக்கமாக அவன் வெற்றி வீரன் நடை நடந்து வந்தான்.

"என்ன மகாராணி, ரயில் போயிடுச்சா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவைத் திறந்து இறங்கி நிமிர்ந்து நின்றாள். அவன் மனைவியைவிட இவள் ஒரு சாண் உயரம்.

"போயிடுச்சு மாமா. அக்கா அதுலதான் போறா."