வெறும் சேணம்

"அது எங்க குதிரைதானே, அண்ணா?" லாரிப் பக்கத்தில் நின்றபடி கேட்கிறாள் பல்ஜான்.

"ஆமாம்மா," என்கிறார் கென்ஜெபேக், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு. காஸ்பியன் கடலில் கடற்படை அதிகாரியாக இருந்தவர். இப்போது கடலோர நகரான அக்தாவ் பக்கத்துப் புல்வெளிகளில் குதிரைப் பந்தயங்களுக்கு வர்ணனை சொல்கிறார். லாரியின் மேல் நிற்பதால் எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரிகிறது. குன்றுக்குப் பின்னால் போன குதிரைகள் புழுதிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. அந்தச் செந்நிறக் குதிரையின் முதுகில் மட்டும் ஆள் இல்லை. சாயங்கால வெயில் வெறும் சேணத்தில் பளபளக்கிறது. கால் வைக்கும் அங்கவடிகள் அதன் விலாவில் மோதி மோதி ஆடுகின்றன.

"என்ன கேப்டன், கப்பல் கவுந்துடுச்சா? பேசுய்யா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, சிரிப்பு எழுகிறது. புயலிலும் நடுங்காத குரல் என்று பெயர் வாங்கியவர் மைக்கைப் பொத்திய கையை எடுக்கவில்லை. ஜீப் ஒன்று குன்றை நோக்கி விரைகிறது.

கீழே பல்ஜான் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விழுந்து கிடப்பவன் அவள் கொழுந்தன் மெய்ராம். புகுந்த வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. கல்யாணமாகி வந்த அன்றே அவனுக்கு அவள் வேறு பெயர் வைத்துவிட்டாள்.

"நீங்க பேசுறது குன்னுக்கு அந்தப் பக்கமும் கேக்கும்ல?"

"கேக்கும்மா."

"அவன் பேரச் சொல்லி ஊரே கூப்பிடும். நீங்க நான் கூப்பிடுற மாதிரி கூப்பிடுங்கண்ணா. 'எந்திரிச்சு வாடா, தேன்குட்டி'ன்னு, ஒரே ஒரு தடவ."