பிஞ்சு நிற்கவில்லை

அன்றும் பறங்கிப் பிஞ்சு மஞ்சளாகி, காம்போடு கழன்று கிடந்தது. காளியப்பன் அதை எடுத்து நசுக்கிப் பார்த்தான். உள்ளே புழுவும் இல்லை, அழுகலும் இல்லை.

“யாரோ என்னமோ பண்றாங்க, புள்ள,” என்றான் மனைவி ராசம்மாவிடம்.

மலாயாவில் யோங் பெங் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் அது. ரப்பர் விலை விழுந்ததிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் மரம் சீவிப் பால் எடுத்தார்கள். குறைந்த கூலிக்கு ஈடாக, லயத்து வீடுகளுக்குப் பின்னால் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்திருந்தார் துரை. மாசக் கடைசியில் பார்வையிட வருகிறார். காய்ப்பில்லாத நிலம் கை மாறும். நிலம் போன குடும்பம் ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். ஊரில் அவர்களுக்கு வீடும் இல்லை, ஆளும் இல்லை.

மழை பொய்த்த வெயிலில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த கொடி அது. அந்த லயத்தில் வேறு யாரும் பறங்கி போட்டிருக்கவில்லை.

பறங்கியில் பூ இரண்டு விதம். இதழுக்குக் கீழே கோலிக்குண்டு போல ஓர் உருண்டையோடு வருவது ஒன்று. நீளக் காம்பில் வெறுமனே வருவது இன்னொன்று. உருண்டைதான் பிறகு காயாகும் என்பதால் அந்தப் பூக்களை ராசம்மா விரலால்கூடத் தொடமாட்டாள். வெறும் பூக்களைத்தான் விடியுமுன் பறித்து, வேலியோர முனியாண்டிக்கு வைத்து, குங்குமம் தூவி, “ஒரு காயாவது குடு சாமி” என்று கும்பிடுவாள்.

“இங்க வந்து பாருங்க,” என்றாள் அவள் இப்போது.

ஈர மண்ணில் ஒரு பெண்ணின் பாதத் தடம். பக்கத்து இலையில் மஞ்சள் பொடி சிந்தியிருந்தது.

“மஞ்சள் போட்டு மந்திரிச்சிருக்கா! வேற யாரு, அந்தப் பேச்சிதான். வாளிச் சண்டைய இன்னும் மனசுல வெச்சிருக்கா.”

பேச்சியம்மாள் பக்கத்து நிலத்துக்காரி. கிணற்று வாளிக்காக ராசம்மாவோடு கட்டிப் புரண்டவள். அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சில்லை.

வேலையில்லாத மறுநாள் விடியலில், பூ வைத்துக் கும்பிட்டு முடித்ததும், இருவரும் வாழைக்குப் பின்னால் பதுங்கினார்கள். காளியப்பன் கையில் பாராங் கத்தி இருந்தது.

வெளிச்சம் பரவியபோது வேலி அசைந்தது. பேச்சியம்மாள் முனியாண்டியின் முன் குனிந்தாள். எதையோ எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, நேரே பறங்கிக் கொடிக்கு வந்தாள். ஓர் இலையை விலக்கி, பூவுக்குள் விரலை விட்டாள்.

“அசையாத!” காளியப்பன் பாய்ந்து எதிரே நின்றான். “கையத் தொறந்து காட்டு!”

“அலமாக்! உசுரே போச்சு. கத்திய இறக்குங்கண்ணே.”

“தொறடி!” என்று கத்தினாள் ராசம்மா.

கை திறந்தது. விரல் நுனியெல்லாம் மஞ்சள் பொடி. உள்ளங்கையில் இதழ் கிள்ளிய ஒரு பூ. அதன் காம்பில் குங்குமம்.

“இது நான் சாமிக்கு வெச்ச பூ! சாமி சொத்தத் திருடியா எங்களுக்குச் செய்வினை வெக்கிற? கங்காணிகிட்ட இழுத்துட்டுப் போங்க இவள!”

“இழுங்க, வரேன். உங்க நிலமும் அந்தக் கங்காணிக்குத்தான் வேணுமாம், ஆடு கட்ட. நீங்க கப்பலேறினதும் அந்த ஆடெல்லாம் என் கத்தரியத் தின்னட்டும்.”

“பேச்ச மாத்தாத!” காளியப்பன் அவள் மணிக்கட்டைப் பற்றினான். “எங்க பிஞ்ச என்ன பண்ணின?”

“அத இந்த மூலையில வந்து பாருங்க.”

வேலி மூலையில் அடர்ந்திருந்த இலைகளை அவள் காலால் ஒதுக்கினாள். கைமுட்டி அளவில், பச்சைப் பசேலென்று, ஒரு பறங்கிக்காய். நுனியில் வாடி ஒட்டிக்கொண்டிருந்த பூவில் துளி குங்குமம்.

காளியப்பனின் பிடி தளர்ந்தது. ராசம்மா காயருகே மண்டியிட்டாள்; தொடப் பயந்து கையை இழுத்துக்கொண்டாள்.

“நான் பொடி தடவின மொதப் பூ அது,” என்றாள் பேச்சியம்மாள். “சீனர் காய்கறித் தோட்டத்துல களை எடுத்தப்போ கண்ணால பாத்தது. வெறும் பூ நடுவுல இருக்கிற இந்தப் பொடி, உருண்டைப் பூவுக்குள்ள ஒட்டணும். ஒட்டினா பிஞ்சு நிக்கும், ஒட்டலைன்னா விழுந்துடும். வழக்கமா தேனீயே கொண்டுபோய் ஒட்டிடும்.”

“அப்ப எங்க கொடிக்கு மட்டும் தேனீ ஏன் ஒட்டல?”

“ஒட்டறதுக்குப் பொடி எங்கண்ணே இருக்கு, இங்க?”

காளியப்பன் கொடி நெடுகப் பார்த்தான். உருண்டையோடு நாலைந்து பூக்கள் விரிந்திருந்தன. வெறும் பூ ஒன்றுகூட இல்லை.

“இத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னடி?” என்றாள் ராசம்மா.

“சாமிக்கு வெக்காதன்னு நான் சொன்னா, நீ கேட்டிருப்பியா?”

ராசம்மா மெல்லத் திரும்பி முனியாண்டியைப் பார்த்தாள். காலடியில், அன்று காலை அவள் வைத்த மஞ்சள் பூக்கள் குவிந்து கிடந்தன. அடியில் நேற்றையதும் முந்தாநாளையதும் வாடியிருந்தன.

“அப்ப... எங்க பிஞ்செல்லாம்...”

பேச்சியம்மாள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“ஆம்பளப் பூவக் கொடியிலேயே விட்டுட்டு, நாளைக்கு சாமிக்குச் செம்பருத்தி வை.”