கிரீஸ் டப்பாவின் மூடி

மார்ச் பதினான்கு, ஞாயிறு, முற்பகல். அண்ணனுக்குத் தம்பியின்மேல் இருந்த குறை இதுதான்: ஆறு ஆண்டுகளுக்கு முன் தன்னிடம் இரவல் வாங்கிய படகு டிரெய்லரைக் கண்மண் தெரியாமல் இழுத்துச் சென்று, வலச்சக்கரம் கழன்றோட, படகை நடுச்சாலையில் இரண்டாகப் பிளந்தான்.

"மெதுவாத்தான் போனேன்" என்று தம்பி ஒரே ஒருமுறை சொன்னான். உருண்டோடிய சக்கரத்தையும் நட்டையும் அவனே பொறுக்கி வந்து வைத்தான்.

அண்ணன் விடவில்லை. உறவினர் பதினேழு பேரைக் கூடத்தில் உட்காரவைத்து, தம்பியை நடுவில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்க வைத்தார்.

படகு விறகாயிற்று. டிரெய்லர் கொல்லையில் துருவேறிக் கிடந்தது.

அதைப் புதுப்பிக்கலாம் என்று இப்போது தம்பியே வந்து கேட்டான். அண்ணன் இசைந்தார், துரு முழுவதையும் தம்பியே சுரண்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

காலையிலிருந்து கம்பிப் பிரஷ் ஓயவில்லை. தம்பியின் புருவம்வரை செம்பொடி.

"இரும்பு தேயறதுக்குள்ள உங்க தம்பி தேஞ்சுடுவாரு!" என்று சமையலறைச் சன்னலிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

தேயட்டும் என்று அண்ணன் எண்ணிக்கொண்டார்.

சக்கர வேலையை மட்டும் அவர் எவரிடமும் விடுவதில்லை. அன்று இரவல் கொடுக்குமுன் இரு சக்கரங்களுக்கும் கிரீஸ் வைத்தவரும் அவரே.

நட்டு கழலாதபடி இடச்சக்கரத்தில் குறுக்கே செருகியிருந்த காட்டர் பின்னைக் குறட்டால் உருவினார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு: உருவிய காட்டர் பின் தொலையாதிருக்க, கிரீஸ் டப்பா மூடியின் உட்புறத்தில் அதை ஒட்டிவைப்பார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டதும் உண்டு.

டப்பா ஆறு ஆண்டுகளாகத் திறக்கப்படவில்லை. திருப்புளியால் நெம்பினார்.

மூடியின் உட்புறத்தில், இறுகிப்போன கிரீஸில், ஏற்கெனவே ஒரு பின் ஒட்டியிருந்தது.

மூடியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். இடச்சக்கரத்தினுடையது கையில் இருந்தது; மூடியில் இருந்தது வலச்சக்கரத்தினுடையது.

காதுமடல்கள் கொதித்தன. மூடியைச் சட்டென்று மார்போடு கவிழ்த்து அணைத்துக்கொண்டார்.

பிரஷ் ஓசை நின்றது.

தம்பி சட்டைப் பையிலிருந்து, மடிப்புகள் நைந்துபோன சிறு காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து, அவர் காலருகே வைத்தான்.

"மறைக்காதீங்க அண்ணே, சட்டை பாழாகுது. அந்தச் சக்கரத்துக்குப் புது பின் வாங்கி ஆறு வருஷமாச்சு."

பிரஷ் மறுபடியும் இரும்பில் ஏறியது.

ஆகவே, வருகிற ஞாயிறு, மாலை நான்கு மணி, அதே கூடம். அன்று உட்கார்ந்திருந்த பதினேழு பேரும் வந்தாக வேண்டும். இதைப் படித்துவிட்ட நீங்களும் வரவேண்டும். பதினெட்டாவது நாற்காலி உங்களுடையது. இம்முறை நடுவில் நிற்கப்போகிறவர் அண்ணன். அவர் பேசி முடிக்கும்வரை, தம்பியே "போதும்" என்று கெஞ்சினாலும், நீங்கள் எழுந்திருக்கக் கூடாது.