குண்டுக் கட்சி

விளக்கின் அடியில் அவர் இரண்டாவது மின்கலத்தை வைத்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

விரல் நகத்தளவு சூரிய மின்கலம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கரிக்குழாய்கள். ஒரு தலைமுடியைப் பல்லாயிரமாகக் கிழித்தால் ஒரு கீற்று எவ்வளவோ, அவ்வளவுதான் பருமன்.

முதல் கலத்தில் அவளுடைய குண்டுக் குழாய்கள். இதில் அவருடைய ஒல்லிக் குழாய்கள்.

எது அதிக மின்சாரம் தரும் என்பதுதான் சண்டை. ஆய்வுக்கூடத்தில் இருவருக்கும் பெயரே மறைந்துபோனது. அவள் குண்டுக் கட்சி, அவர் ஒல்லிக் கட்சி.

மத்தியானம் ஆனால் போதும், அவள் மேசைக்கு வந்துவிடுவார். கையில் புதிதாக ஓர் ஆதாரம் இருக்கும். "உங்க குண்டுங்களுக்கு நடக்கவே மூச்சு வாங்குதுங்க" என்று வம்புக்கு இழுப்பார்.

அவள் குனிந்த தலை நிமிராமல் "ம்ஹூம்" என்பாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச வராது. அவருக்கு அதுவே போதும். மறுநாளும் வந்து நிற்பார்.

சோப்புத் தண்ணீரில் சுழற்றிய குழாய்களைப் பருமன்வாரியாகப் பிரிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஊதாவா பச்சையா என்று நிறத்தைப் பார்த்தே எது ஒல்லி, எது குண்டு என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் இந்த ஒன்றில் மட்டும் ஏன் பிடித்த பிடியை விடமாட்டேன் என்கிறாள் என்று மற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இன்று அளந்துவிட்டால் சண்டை முடிந்தது. நாளை மத்தியானம் அவர் வர ஒரு காரணமும் இருக்காது.

திரையில் கோடு ஏறியது. முதல் கலத்தின் கோட்டைக் கீழேயே விட்டுவிட்டு மேலே மேலே போனது.

வெளிச்சம் பட்டு எழும் மின்சாரத்தை ஒல்லிக் குழாய் சட்டென்று கைமாற்றிவிடுகிறது. குண்டுக் குழாய் தனக்குள்ளேயே வைத்து அமுக்கிக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. விளக்கை அணைத்தார். கையுறையைக் கழற்றினார். அவர் போவதைப் பார்க்கக் கூடாதென்று அவள் குடுவைகளை இங்குமங்கும் நகர்த்தி வைத்தாள்.

அவர் போகவில்லை.

"அடுத்தது நீளம். நெட்டையா, குட்டையா" என்றார். "இந்தத் தடவை தெரிஞ்சே தோக்கறது என் முறை."