காதருகே ஒரு பிரார்த்தனை

தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்த கணவரின் காதருகே குனிந்து, அந்த அம்மா தினமும் காலையில் பிரார்த்தனை சொல்வார். கேட்கும்போதெல்லாம் நர்ஸுக்கு மனசு உருகும். கூடவே ஒன்று உறுத்தும்.

அன்று பொறுக்க முடியவில்லை.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. 'இருளில் ஒளியானவனே'ன்னு வரணும். நீங்க தினமும் 'ஒளியில் இருளானவனே'ங்கறீங்க. கடவுள் காரியம், பார்த்துச் சொல்லுங்கம்மா."

"தெரியும்மா. தெரிஞ்சேதான் தப்பா சொல்றேன்."

நர்ஸ் திகைத்துப் போனாள்.

"எனக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. கல்யாணமானதுலேருந்து இந்த விஷயத்துல எங்களுக்குள்ள ஏட்டிக்குப் போட்டிதான். ஆனா யாராவது இதைத் தப்பா சொன்னா இவருக்குத் தாங்காது. அரைத் தூக்கத்துல இருந்தாக்கூட எழுந்து திருத்துவார். இவருக்குப் பிடிச்சதைப் பேசச் சொன்னார் டாக்டர். பிடிச்சதைப் பேசினா சுகமா தூங்குவார். எரிச்சல் வந்தாத்தான் எழுந்திரிப்பார்!"

சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். இந்த முறை இன்னும் சத்தமாகவே சொன்னார்.

"ஒளியில் இருளானவனே..."

போர்வைக்குள் விரல்கள் அசைந்தன. வறண்ட உதடுகள் மெல்லப் பிரிந்தன.

"இருளில்... ஒளி..." குரல் கரகரத்தது. "எத்தனை தடவைடி சொல்றது?"

நர்ஸ் துள்ளிக் குதித்து டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது, அந்த அம்மா கணவரின் கையை நெஞ்சோடு அணைத்தபடி, அழுகையும் சிரிப்புமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மிச்சத்தையும் சொல்லிக் குடுங்க. இனிமே உங்க கடவுளை நான் தப்பா கூப்பிட மாட்டேன்."