சூடேற அரை மணி

“ஐயையோ, மிக்ஸியைத் தொடாதே! வால்வு இன்னும் சூடேறலை!”

ஹாலிலிருந்து கணவர் போட்ட சத்தத்தில் அவள் கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது.

பகலெல்லாம் துணிக்கடையில் நின்று, பஸ்ஸில் நின்று, வந்த காலோடு சமையலறையில் வந்து நிற்கிறாள். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. இதில் இவர் வேறு.

“பாட்டு கேக்க ஒரு பெட்டி வாங்கினீங்க, சரி. அதுக்காக இந்த வீட்ல எதையும் அரைக்கக் கூடாதா?”

“வோல்டேஜ் இறங்கினா வால்வு போயிடும்மா. அரை மணிதானே? மிக்ஸி, வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எதுவும் வேண்டாம். வந்து இப்படி உட்காரு.”

“நான் உட்கார்ந்தா இந்த வீடே படுத்துடும்.”

சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். உட்காராமல் என்ன செய்வது? எந்த சுவிட்சைத் தொட்டாலும் மனுஷன் அலறுகிறாரே.

எல்லாம் இந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் வந்த நேரம். பழையது புகைந்து போனதும், வாரக்கணக்கில் கடை கடையாய் ஏறி இறங்கினார். விலை கையைக் கடிக்கக் கூடாதாம், சத்தம் காதுக்கு இதமாய் இருக்கணுமாம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக்கூட இவ்வளவு அலைந்திருக்க மாட்டார். கடைசியில் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்தது இதைத்தான். தலைமேல் வரிசையாய்க் கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டால் மெள்ள மெள்ளச் சிவக்கும். பாட்டு மட்டும் வராது. அதற்கு அரை மணி ஆகும் என்பார்.

அந்த அரை மணியும் அவரால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. டிரைவிங் ஸ்கூலில் நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர், வெங்காயம் உரிப்பார், கிடக்கிற பாத்திரத்தைக் கழுவி வைப்பார். பாட்டு வருகிறவரைக்கும் பொறுக்க முடியாத தவிப்பு என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

மறுநாள் காலையில் பட்டென்று சொல்லிவிட்டாள்.

“இன்னிக்கு மதியம் சாப்பாட்டு நேரத்துல நான் அந்தக் கடைக்குப் போறேன். போட்டதும் பாடற மாதிரி ஒண்ணு மாத்திக் குடுப்பாரான்னு கேக்கப் போறேன்.”

அவர் முகம் செத்துப்போனது. “நீ எதுக்கும்மா அலையறே? நானே கேக்கறேனே.”

“நீங்க கேட்டுக் கிழிச்சது போதும்.”

கடைக்காரர் ஏதோ ரேடியோவைப் பிரித்துப் போட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்கம்மா.”

“இருக்கட்டுங்க, நின்னே பழகிடுச்சு. எங்க கடையில உட்கார்ந்தா சூப்பர்வைசர் கண்ணு நம்ம மேலதான்.”

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அரை மணி, மிக்ஸி, வாஷிங் மெஷின், தினமும் நடக்கிற கூத்து, ஒன்று விடவில்லை.

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். “அரை மணியா? யாரு சொன்னாங்க? ஒரு நிமிஷம் போதுமேம்மா.”

“அப்ப மிக்ஸி போட்டா?”

“தாராளமாப் போடுங்க. அதுக்கு ஒண்ணும் ஆகாது. வாங்கும்போதே சார்கிட்ட எல்லாம் தெளிவாச் சொன்னேனே!”

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் காது குத்தியிருக்கிறார்! ஒரு மனுஷி ஓடாய்த் தேய்ந்து வருகிறாள், அவளிடம் விளையாட்டா? இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இருக்கிறது அவருக்கு.

“அன்னிக்கே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சும்மா” என்றார் கடைக்காரர். “இதே விலைல, இதைவிட நல்லாப் பாடற ஒண்ணை எடுத்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாரு. மனுஷனுக்கு எழுந்திருக்கவே மனசில்லை. ஆனா அதுல வால்வெல்லாம் உள்ளே மூடியிருக்கும். அதனால வேண்டாம்னுட்டாரு.”

“ஏனாம்?”

“இதுல வால்வு சிவக்கறது வெளியே தெரியுதே, அப்பதான் வீட்ல நம்புவாங்கன்னாரு. எதை நம்பணும் சார்னு கேட்டேன். ‘உட்காருன்னு சொன்னா உட்கார மாட்டா சார். வேற வழியில்லை’ன்னாரு. எனக்கு ஒண்ணும் விளங்கலை. உங்களுக்காவது விளங்குதா?”

அவளுக்கு விளங்கியது. பாட்டு என்றால் உயிரை விடுகிற மனுஷன், நல்லாப் பாடுகிறதை விட்டுவிட்டு வந்திருக்கிறாரே! அதையும் புரிந்துகொள்ளாமல் காலையில் என்ன பேச்சுப் பேசினோம்!

அவர் இழுத்துப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“மாத்தணுமாம்மா?”

“வேண்டாங்க. இதுவே நல்லாத்தான் இருக்கு.”

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். திருட்டுமுழி முழித்தார்.

“கடைக்குப் போனியா?”

“போனேன்.”

“என்ன... என்ன சொன்னாரு?”

அவள் கைப்பையை மாட்டிவிட்டு, தானே போய் ஆம்ப்ளிஃபயர் சுவிட்சைப் போட்டாள். நாற்காலியில் நன்றாய்ச் சாய்ந்து, எதிரே கிடந்த முக்காலியில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“அரை மணியெல்லாம் எந்த மூலைக்குன்னு சத்தம் போட்டாருங்க. முக்கால் மணியாவது சூடாகணுமாம்.”